ஜின்செங் என்று சொன்ன வாய்

அன்று சாயங்காலம் உலர்த்துக் கொட்டகையில் இருந்தவர்கள்: தோட்டத்துக்குச் சொந்தக்காரன் சூ பாவ் லோர். அவன் மனைவி மை யியா. அவன் தம்பி தூ கெர். லோர் குலத்துக்குப் பெரியவர் நியா லோங். பக்கத்துத் தோட்டத்து டேல் குரூகர். ஜனாதிபதி தேர்தலில் நிற்கிற கவர்னரம்மாவின் பிரச்சார ஆபீசிலிருந்து ஒரு பெட்டி டோனட்டோடு வந்திருந்த பிரிட்ஜெட் என்ற பெண்.

இதில் பிரிட்ஜெட்டின் ஓட்டு வேறு மாநிலத்தில் இருந்தது. அங்கே யார் ஜெயிப்பார்கள் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் அங்கே யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. விஸ்கான்சினில் அப்படி இல்லை. ஒரு ஊர்ச் சந்தையில் கூடுகிற ஜனம் இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு ஜனாதிபதி, அந்தப் பக்கம் சாய்ந்தால் இன்னொரு ஜனாதிபதி. அதற்காகத்தான் அவளை இங்கே அனுப்பி, ஒரு பழைய காரும் கொடுத்திருந்தார்கள். தூ கெருக்கு எந்த மாநிலத்திலும் ஓட்டு கிடையாது.

டிவியைக் கொட்டகைக்கே தூக்கி வந்திருந்தார்கள். புது வேரை உலர்த்தும் அறையில் ஏற்றிய முதல் வாரம் யாரும் அங்கிருந்து நகரக் கூடாது. சூடு ஏறினால் வேர் உள்ளுக்குள் கருத்துவிடும். இறங்கினால் பூஞ்சை பூக்கும். சீனாவில் மருந்தாகச் சாப்பிடும் ஜின்செங், நாலு வருஷம் வைக்கோலுக்கும் கறுப்பு நிழல்வலைக்கும் அடியில் கிடந்த பொருள். ஒருமுறை ஜின்செங் எடுத்த மண்ணில் மறுபடி ஜின்செங் வராது. போட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் அழுகலைத்தான் அள்ளினார்கள். ஆகவே ஒவ்வொரு அறுவடையும் அந்த மண்ணுக்கு முதலும் கடைசியும்தான். போன வருஷத்துச் சரக்கு வேறு விலைபோகாமல் மூலையில் பீப்பாய் பீப்பாயாக நின்றது. வாங்க வேண்டியவன் சீனாக்காரன். இரண்டு அரசாங்கமும் வரிமேல் வரி போட்டுக்கொண்டிருந்தன.

முந்தைய ஏற்றத்தில் காய்ந்து இறங்கிய தட்டுகளை நீள மேஜையில் கொட்டி எல்லோரும் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குட்டையாக, உருண்டையாக, கழுத்தில் சுருக்கம் விழுந்தது ஒரு குவியல். காரட் மாதிரி நீண்டது இன்னொரு குவியல். வேர்கள் மேஜையில் விழும்போது விறகுச் சுள்ளிபோலச் சத்தம் கேட்டது. மண்ணும் கசப்புமாக ஒரு வாசனை மூக்கிலேயே தங்கியது.

"நம்ம ஊரப் பத்தி எவன் பேசப் போறான்?" என்றான் டேல். அவன் தாத்தா காலத்திலிருந்து ஜின்செங் போடுகிற ஜெர்மன்கார வம்சம். "ஒஹாயோம்பான், பென்சில்வேனியாம்பான். கார் கம்பெனிம்பான், நிலக்கரிம்பான். இந்த நாட்டுல வேர் தோண்டுறவன் ஒருத்தன் இருக்கான்னு அவனுங்களுக்குத் தெரியவே தெரியாது."

"இன்னைக்குப் பாருங்க சார்" என்றாள் பிரிட்ஜெட். அவள் முகத்தில் ஒரு ரகசியச் சிரிப்பு இருந்தது.

"போன மாசம் கவர்னரம்மா கை குடுத்தாங்கல்ல, பெரியப்பா இன்னும் அந்தக் கையில சோப்புப் போடல" என்றாள் மை யியா. பிரிட்ஜெட்டுக்குப் புரியாமல் இருக்க மோங் மொழியில் சொன்னாள்.

"சோப்புத்தான் போடலம்மா. தண்ணி ஊத்துனேன்" என்றார் நியா லோங்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரிட்ஜெட்டும் சேர்ந்து சிரித்தாள்.

டிவியில் இரண்டு வேட்பாளர்களின் விவாதம் தொடங்கியது. ஒரு பக்கம் கவர்னரம்மா, நீலக் கோட்டு. இன்னொரு பக்கம் செனட்டர், சாம்பல் தலை. செனட்டர் நன்றாகத்தான் பேசினார். சிறுதொழில், நடுத்தர வர்க்கம், எல்லோருக்கும் வாய்ப்பு என்றார். பிடித்துக்கொள்ள ஒரு காம்பு இல்லாத பேச்சு. மை யியா எழுந்து போய்ச் சூடு பார்த்துவிட்டு வந்தாள். டேல் இரண்டாவது டோனட் எடுத்தான்.

அப்போது வர்த்தகம் பற்றிக் கேள்வி வந்தது. கவர்னரம்மா கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "விஸ்கான்சின்ல மாரத்தான் கவுண்டின்னு ஒரு இடம். அங்க ஒரு விவசாயியப் பார்த்தேன். நாலு வருஷம் பாடுபட்டு ஒரு வேர் வளக்குறாரு. ஜின்செங். உலகத்துலயே ஒசந்த ஜின்செங். அது இன்னைக்குக் கொட்டகையில பீப்பாயிலே கெடக்கு. நான் வந்தா, முதல் வேலையா அந்தப் பீப்பாயெல்லாம் கப்பல் ஏறும்."

ஒரு கணம் மேஜையில் ஒரு வேர்கூட விழவில்லை. பிறகு டேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "சொன்னாங்கப்பா! ஜின்செங்னு சொன்னாங்கப்பா!" சூ பாவ் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான். நியா லோங் மேஜையைத் தட்டினார், குட்டை வேர்களும் நீள வேர்களும் ஒன்றாகக் கலந்தன. மை யியா, "ஐயோ, இப்பத்தான் பிரிச்சேன்" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். டேல் சூ பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், அதுவரை அவர்கள் தொட்டுக்கொண்டது கை குலுக்கும்போது மட்டும்தான்.

தூ கெரும் சிரித்துக்கொண்டிருந்தான். அவனும் அந்த வேரை முட்டி தேய நட்டவன்தான். ஆனால் அவன் நின்ற இடம் டிவிக்குப் பக்கம். அடுத்த கேள்வி வந்ததை அவன் ஒருவன்தான் கேட்டான்.

"நாட்டை விட்டுப் போகணும்னு நீதிபதி சொல்லிட்டா, போயாகணும்" என்றார் கவர்னரம்மா. முன்பு பேசிய அதே குரல், அதே இதம். "பழைய உத்தரவு, புது உத்தரவுன்னு பாக்கப் போறதில்ல. ஒவ்வொருத்தரும். முதல் வருஷத்துலயே."

செனட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுபோல ஏதோ சொன்னார். நேரம் முடிந்துவிட்டது என்று அவரை நிறுத்தினார்கள்.

"பின்னால ஓட்டுப்பா, பின்னால ஓட்டு" என்றான் டேல். சூ பாவ் ரிமோட்டை அமுக்கினான். கவர்னரம்மா மறுபடி ஜின்செங் என்றார். மறுபடி கத்தல். நியா லோங் பேரனுக்குப் போன் போட்டு, போனை டிவிக்கு நேராகப் பிடித்தார். மூன்றாவது தடவையும் போட்டார்கள்.

"அண்ணே, அதுக்கு அப்புறம் சொன்னதப் போடு" என்றான் தூ கெர்.

"எதை?"

"அடுத்த கேள்வி."

சூ பாவ் ஓடவிட்டான். ஒவ்வொருத்தரும், முதல் வருஷத்துலயே என்று கவர்னரம்மா சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். டேலுக்குத் தூ கெர் விஷயம் தெரியாது, அவன் கோட்டில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிக்கொண்டிருந்தான். மை யியா மட்டும் கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள்.

"அது கெட்டவங்களுக்கு" என்றாள் பிரிட்ஜெட், டேலுக்குக் கேட்காதபடி. யாரோ ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தூ கெரின் முழங்கையை மெதுவாகத் தொட்டாள். "கொலகாரங்க, போதை விக்கிறவங்க. உங்களை மாதிரி உழைக்கிறவங்களுக்கு இல்ல. நான் சத்தியமா சொல்றேன்."

"ஒவ்வொருத்தரும்னாங்களே."

"டிவில அப்படித்தான் சொல்லணும் சார்."

*

தூ கெர் பிறந்தது தாய்லாந்து அகதி முகாமில். நடக்கப் பழகிய வயதில் அமெரிக்கா வந்துவிட்டான். அப்பா லாவோஸ் காட்டில் அமெரிக்காக்காரனுக்காகச் சண்டை போட்ட மோங் ஆள். ஆனால் குடியுரிமைப் பரீட்சையில் இங்கிலீஷ் வாயில் வராமல் இரண்டு தடவை தோற்றார், அவர் தேறியிருந்தால் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்கும். சூ பாவ் பிற்பாடு தானே எழுதித் தேறினான். தூ கெருக்கு அதற்கு நேரம் வாய்க்கவில்லை. பத்தொன்பது வயதில் கூட்டாளிகள் ஒரு மதுக்கடையில் கல்லாவை உடைத்தபோது, வெளியே வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தவன் அவன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று அரசு கொடுத்த வக்கீல் சொன்னார். ஒப்புக்கொண்டான். சிறை சீக்கிரம் முடிந்தது. நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற உத்தரவு முடியவில்லை.

லாவோஸ் அவனை ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் பெயரே அந்த நாட்டில் எங்கும் இல்லை. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியில், மில்வாக்கியில் குடியேற்ற ஆபீசுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். காட்டினான். இருபது வருஷத்துக்கு மேல் காட்டினான். இராத்திரியில் ஜன்னல் செய்யும் கம்பெனியில் கண்ணாடி பொருத்தினான், பகலில் அண்ணன் தோட்டத்தில் வேலை பார்த்தான், அண்ணன் வீட்டு நிலவறையில் தூங்கினான். அந்த உத்தரவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எந்தக் குடும்பமும் பெண் கொடுக்கவில்லை. கேட்டுப் போன நியா லோங் ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுவிட்டு மட்டும் திரும்பினார்.

விவாதம் முடிந்த மறுநாளே வீட்டு முன்னால் கவர்னரம்மாவின் போர்டு முளைத்தது. கதவளவு பெரியது. ரோட்டோரத்தில் டேல் வீட்டிலும் ஒன்று, அதற்கடுத்த தோட்டத்திலும் ஒன்று. அக்டோபர் முழுக்க தபால்பெட்டியில் இரண்டு கட்சியின் அட்டைகளும் வந்து குவிந்தன. "இந்த வருஷம் அடுப்பு மூட்டக் காகிதத்துக்குப் பஞ்சமில்ல" என்றாள் மை யியா. செனட்டர் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு தடவை வந்தான். பண்ணை என்றால் மாடு என்று நினைத்துக்கொண்டு பால் விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான்.

லோர் குலம் முழுக்க நியா லோங் வீட்டில் கூடியது. பன்றிக்கறியும் கடுகுக் கீரையும் கொதித்த பெரிய சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். ஒரே குலம், ஒரே ஓட்டு என்றார் பெரியவர். பிரிந்து போட்டால் எவனும் மதிக்க மாட்டான், சேர்ந்து போட்டால் நாளைக்கு ஒரு காரியத்துக்குப் போய் நிற்கலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். தூ கெர் பின்வரிசையில் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஓட்டில்லாதவனிடம் கேட்க என்ன இருக்கிறது.

கடைசிப் பாத்தி தோண்டின அன்று குளிர் காதைக் கடித்தது. நிழல்வலை எல்லாம் சுருட்டியாகிவிட்டது, வெறும் கம்பங்கள் நின்றன. தோண்டும் இயந்திரம் முன்னால் மண்ணைப் புரட்டிப் போட்டுக்கொண்டு போக, ஆட்கள் பின்னால் முட்டிபோட்டு நகர்ந்து வேரைப் பொறுக்கி வாளியில் போட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வரிசை. இயந்திரச் சத்தம் தள்ளிப் போகட்டும் என்று தூ கெர் காத்திருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எனக்காக ஒரு ஓட்டு."

சூ பாவ் வேரிலிருந்து மண்ணை உதறினான். "குலம் முடிவு பண்ணிருச்சேடா."

"குலத்துக்கு வேணும்ங்கறத வாசல்ல நட்டுட்ட. அது அங்கயே இருக்கட்டும், எடுக்கச் சொல்லல. உள்ள போய்ப் போடறப்ப யாரு பாக்கறா? பெரியப்பா வந்து எட்டிப் பாக்கவா போறாரு?"

"அந்த ஆளுக்கு ஜின்செங்னா மாட்டுத் தீவனமா மருந்தான்னே தெரியாதுடா."

"தெரியாது. தனித்தனியா பாக்கணும்னாச்சும் சொன்னாரு. என்னையும் தனியா பாத்தா என்ன தெரியும்? ஒரு ஆளு வண்டியில உக்காந்திருந்தான், அப்புறம் இருவது வருஷம் கண்ணாடி ஒட்டினான். அவ்வளவுதான தெரியும்."

"உன்ன எவனும் அனுப்ப மாட்டான். அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணுச்சுல்ல."

"அண்ணே, நான் உங்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

அது உண்மைதான். சூ பாவ் அவனைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தான். "சரிடா" என்றான். "உனக்காகப் போடறேன். உங்க அண்ணியோடதும் சேத்து. ரெண்டு ஓட்டு. போதுமா?"

"அப்பா மேல சொல்லு."

"அப்பா மேல. வாளி நெறைஞ்சுருச்சு, கொண்டு போய்க் கொட்டு."

வாளியைத் தூக்கிக்கொண்டு தூ கெர் கிட்டத்தட்ட ஓடினான்.

*

ஓட்டுப் போடுகிற நாள் மழை. ஊர்மன்றத்துக்கு மூவரும் ஒரே வண்டியில் போனார்கள். தூ கெர் வண்டியிலேயே உட்கார்ந்து வைப்பர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மை யியா குடியுரிமைப் பரீட்சையை மனப்பாடம் செய்து தேறியவள், இங்கிலீஷ் படிக்க வராது. அப்படிப்பட்டவர்கள் துணைக்கு ஒருவரை உள்ளே கூட்டிப்போய்க் குறி போடச் சொல்லலாம். பாதி மோங் வீடுகளில் பெண்களின் ஓட்டு அப்படித்தான் விழும். இருவரும் வெளியே வந்தபோது சட்டையில் ஓட்டுப் போட்டாச்சு என்ற ஒட்டுத்தாள் இருந்தது.

"ஆச்சா அண்ணே?"

"ஆச்சு" என்றான் சூ பாவ். வண்டியை எடுத்தான். மை யியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மழைக்குத் திரும்பினாள் என்று தூ கெர் நினைத்தான்.

விஸ்கான்சினில் கவர்னரம்மா நூலிழையில் ஜெயித்தார். அதோடு நாட்டையும் ஜெயித்தார். டேல் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டான், அவன் நாய் பயந்து கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. தூ கெருக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்துக்குள் ஒரு சின்ன வெதுவெதுப்பும் இருந்தது. நமக்காக இரண்டு ஓட்டு விழுந்தது, தோற்றாலும் விழுந்தது என்று நினைத்துக்கொண்டான். கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரனிடம் சொல்லியும் வைத்தான். "எங்கண்ணன் குலத்தையே மீறிட்டான்யா, எனக்காக."

நவம்பர் முடிவதற்குள் ஹாங்காங் வியாபாரி கொட்டகைக்கு வந்துவிட்டார். பேச்சுவார்த்தை நடக்கப்போகிறதாம், வரி இறங்கப்போகிறதாம், அதற்குள் சரக்கைக் கையில் பிடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். வேரை ஒடித்துச் சத்தம் கேட்டார், ஒரு துண்டைக் கடித்துக் கண்ணை மூடினார், தலையாட்டினார். நாலு பீப்பாயை மட்டும் அப்புறம் எடுப்பதாக விட்டுவிட்டு, போன வருஷத்துச் சரக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். சூ பாவ் கொட்டகை வாசலிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அழுததைத் தூ கெர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கவர்னரம்மா சொன்னதைச் செய்யும் ஆள்தான்.

ஜனவரியில் பதவியேற்றதும் இன்னொன்றையும் செய்யத் தொடங்கினார். பக்கத்து மாநிலத்துச் செயிண்ட் பாலில் முகம் காட்டப் போன இரண்டு மோங் ஆட்கள் வீடு திரும்பவில்லை. ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். நியா லோங் பிரிட்ஜெட்டின் எண்ணைச் சுழற்றினார். அந்த எண் இல்லை என்றது ஒரு குரல். பிரச்சார ஆபீசுக்கு நேரிலேயே போய்ப் பார்த்தார். அங்கே மெத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

டேல் ஒருநாள் ரோட்டோரம் வண்டியை நிறுத்தித் தூ கெரைக் கூப்பிட்டான். யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப நேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா?"

டேல் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத ஆள். "தெரியல" என்றான். "வடக்க காட்டுல என் வேட்டைக் குடிசை இருக்கு. அடுப்பு இருக்கு, வெறகு இருக்கு. சாவி வேணும்னா வாங்கிக்க. எவனும் அங்க வர மாட்டான்."

"நான் முகம் காட்டப் போகலன்னா அவங்க எங்க வீட்டுக்கே வருவாங்க டேல். வீட்ல அண்ணி தனியா இருப்பாங்க."

*

பிப்ரவரியில் மில்வாக்கிக்குக் கிளம்புகிற அன்று காலையில் மை யியா கோழி வேகவைத்து, முட்டையும் சோறும் தட்டில் வைத்து, வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு கொழுந்தனின் உயிரைப் பேர் சொல்லி அழைத்தாள். பயணம் போகிறவனின் உயிர் வழியில் எங்கும் நின்றுவிடக் கூடாது. பிறகு வெள்ளை நூலை எடுத்து அவன் மணிக்கட்டில் கட்டினாள். ஒன்று, இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று. சூ பாவ் வெளியே வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"போதும் அண்ணி. கை வீங்கிரும்."

அவள் நிறுத்தவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா மேல எது, கீழ எதுன்னு தெரியும்."

"என்ன அண்ணி?"

"அன்னைக்கு ஓட்டுப் போடறப்ப. கவர்னரம்மா பேரு மேல இருந்துச்சு. போர்டுல தெனம் பாக்கறேன்ல, முதல் எழுத்து எனக்கு அத்துப்படி. ரெண்டு தாள்லயும் மேல இருந்த வட்டத்தத்தான் கறுப்பாக்கினாரு. என்னங்க, அது மேல இருக்கேன்னேன். பேசாம இருன்னாரு."

தூ கெர் நூலைப் பார்த்தான்.

"ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த தம்பி. அந்த ஒண்ணுலதான் சந்தோஷமா இருந்த." அவள் அழவில்லை. இன்னொரு நூலை உருவினாள். "உங்கிட்ட நானும் பொய்யா இருந்துட்டேன். இப்பச் சொல்லாம அனுப்பக் கூடாதுன்னு தோணுச்சு. கைய நீட்டு, இன்னொண்ணு கட்டணும்."

மில்வாக்கி வரைக்கும் மூன்று மணிநேரத்துக்கு மேல். ரோட்டின் இரண்டு பக்கமும் பனி மூடிய சோளக்கட்டைகள். சூ பாவ் ரேடியோ போட்டான், அணைத்தான். பின்சீட்டில் மை யியா கட்டிக்கொடுத்த ஒட்டரிசியும் மிளகாய்த் துவையலும் இருந்தன. பாதித் தூரம் தாண்டியபின்தான் தூ கெர் வாய் திறந்தான்.

"மேல இருந்த வட்டம்."

சூ பாவ் எது என்று கேட்கவில்லை.

"உள்ள போற வரைக்கும் உனக்குத்தான் போடறதா இருந்தேன்" என்றான். "பேனாவ எடுத்துட்டேன். அந்தாளு பேரப் பாத்தேன். அவருக்கு நம்ம இருக்கறதே தெரியாதுடா. இந்தம்மா சொன்னாங்க. அத்தன கோடிப் பேருக்கு முன்னால நம்ம வேரோட பேரச் சொன்னாங்க. நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கோம், நம்மளப் பத்தி எவன் ஒரு வார்த்தை சொல்லிருக்கான்? கை தன்னால மேல போயிருச்சு."

"ரெண்டு தடவையும் தன்னாலயா?"

ஒரு லாரி சேற்றை அடித்துக்கொண்டு கடந்தது.

"மொத்தம் எத்தனை ஆயிரம் வித்தியாசம்? நம்ம ரெண்டு ஓட்டால என்னடா ஆயிருக்கும்? போட்டிருந்தாலும் இந்தம்மாதான் ஜெயிச்சிருப்பாங்க."

"ஆமா."

"அப்புறம் என்ன?"

"ஜெயிச்சிருப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீ அந்த ஓட்ட எனக்குன்னு சொல்லி வச்சிருந்த. அவங்க ஜெயிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தோட்டம் போயிருக்கும்டா. இன்னொரு வருஷம் அந்தப் பீப்பாய் அங்க நின்னிருந்தா வீடே போயிருக்கும். உங்க அண்ணி எங்க போவா? நீதான் எங்க போயிருப்ப?"

"வேணும்னா அன்னைக்கு வரிசையிலயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன பண்ணியிருப்பேன்? வாளியத் தூக்கிட்டுப் போயிருப்பேன். இந்தம்மாகூட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் செஞ்சாங்க. முதல் வருஷம்னாங்க, முதல் வருஷம். அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

பெட்ரோல் போட நின்ற இடத்தில் சூ பாவ் இரண்டு காபி வாங்கிவந்தான். தூ கெர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை. கப்பின் சூடு கைக்கு இதமாக இருந்தது, அதனால் கீழேயும் வைக்கவில்லை.

ஆபீசின் முன்கூடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம் குறைவு. பாதிப்பேர் வராமலே விட்டிருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி அவன் பெயரைக் குலப்பெயர் முன்னால் வைத்துத் தலைகீழாகப் படித்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். போன தடவைகளில் ஒரு முத்திரை குத்தி, அடுத்த பிப்ரவரி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் உட்காரக்கூட நேரம் இருக்காது.

"பெல்ட், ஷூ லேஸ், பையில இருக்கறது எல்லாம் கூட வந்தவர்கிட்ட குடுத்துருங்க" என்றார் அதிகாரி. முகம் பார்க்காமல் சொன்னார், ஆனால் கடுமையாகச் சொல்லவில்லை. "கையில இருக்கற கயிறும்."

"புது ரூல்ஸா இருக்கும்" என்றான் சூ பாவ்.

தூ கெர் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தான். பர்ஸ், போன், கம்பெனி அடையாள அட்டை. குனிந்து லேஸை உருவினான். நூலை மட்டும் ஒற்றைக் கையால் அவிழ்க்க முடியவில்லை. மை யியாவின் முடிச்சுகள் அப்படி. அவன் கையை நீட்டினான். சூ பாவ் எல்லாவற்றையும் பெஞ்சில் வைத்துவிட்டு, குனிந்து, நகத்தால் நெருடத் தொடங்கினான். வேரின் மெல்லிய மயிர்களை முறியாமல் பிரித்து எடுக்கிற விரல்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்தது, அடுத்ததற்குப் பல் வைத்தான். தம்பியின் மணிக்கட்டில் எச்சில் ஈரம் பட்டது.

"இறுக்கிப் போட்டிருக்கா" என்றான்.

"பீப்பாய் எல்லாம் போயிருச்சா?"

"ம்?"

"வியாபாரி கடைசியா நாலு விட்டுட்டுப் போனாருல்ல. எடுத்துட்டாரா?"

"போன வாரம் எடுத்துட்டாருடா."

"நல்ல வெலையா?"

சூ பாவ் தலையைத் தூக்கவில்லை. "நல்ல வெலைதான்" என்றான். கடைசி நூல் வந்துவிட்டது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அதிகாரி பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். தூ கெர் எழுந்தான். லேஸ் இல்லாத ஷூ தரையில் தேய்ந்தது. இழுத்து இழுத்து நடக்க வேண்டியிருந்தது.

"தூ கெர்" என்றான் சூ பாவ். "நான் இங்கயேதான் இருப்பேன். சோறு வண்டியில இருக்கு. நீ வந்ததும் சாப்பிடலாம்."

தூ கெர் திரும்பவில்லை. கதவைத் தாண்டி உள்ளே போனான். அதிகாரி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். போகப் போனவர் திரும்பி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டினார்.